அளவையும் ஆக்கமொழியும்

ஒரு செய்தியைச் சொல்லுவான் அச்செய்தியோடு ஒருங்கு சொல்லுதற்குரியது பிறிதொன்றும் உண்டு. அஃது அச்செய்தி தனக்கு எவ்வாற்றான் அறியவந்தது என்பதாம். கண்டதோ, கண்டதொன்றனைக்கொண்டு கருதியதோ, பிறர் உரைப்பக் கேட்டதோ என்னும் இவற்றுள் யாதென அறிந்தாலன்றி, அதனை எத்துணையளவு ஏற்றுக்கோடல் தகும் என்பதனைக் கேட்போன் துணியலாகாது. சமயநூலார் இவ்வாயில்களை அளவை எனவும் பிரமாணம் எனவும் பெயரிட்டு நூன்முகத்தே ஆராய்வர். இலக்கண நூலாரோ இவற்றை வினைவிகுதியானும் இடைச்சொல்லானும் உணர்த்தப்படும் பொருள்களாக ஆங்காங்குத் தொட்டுச் செல்வர். அளவைநூற் பொருள் சொல்லிலக்கணத்துட் புகுந்த வரலாறும், புகுந்த பின்னர் வழக்கில் மங்கிய வரலாறும், இக்காலத்து மேனாட்டார் தாமே வகுத்துக்கொண்ட ஆக்கமொழிகளில் அது மீண்டும் தலையெடுத்த வரலாறும் ஒருங்குவைத்து நோக்கற்பாலன. அங்ஙனம் நோக்குதல், நம் நாட்டு வரலாறு எழுதுவார்க்கு இன்றியமையாததோர் எச்சரிக்கையையும் தருவதாகும்.

தமிழ் வழக்கு

முதற்கண் உலகவழக்கினின்று ஓர் எடுத்துக்காட்டுக் கொள்ளுவோம். சென்னையினின்று காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி வழியாக வரும் இருப்புப்பாதை ஜோலார்பேட்டையிற் கவர்த்து, ஒன்று சேலம் நோக்கியும் மற்றொன்று பெங்களூர் நோக்கியும் செல்லும். பெங்களூர்ப் பாதை 1864-ஆம் ஆண்டிற் திறக்கப்பெற்றது. அந்நிலையத்தே நிற்கும் ஒருவன், பெங்களூர் வண்டி புறப்பட்டதனைத் தன் கண்ணாற் கண்டவழி, 'வண்டி போயிற்று' என்பான். காலந்தாழ்த்து வந்து, மேடை வெறிதாய்க் கிடப்பதனைக் கண்டவழி, 'வண்டி போயிற்றுப் போலும்' என்பான். சுமை தூக்குவான் ஒருவன் சொல்லக் கேட்டவழி, 'வண்டி போயிற்றாம்' என்பான். நிகழ்ச்சி ஒன்றே, அறிந்த வாயில் மூன்று, சொல் முடிபும் மூன்று. காண்டல், கருதல், உரை என்னும் மூவகையளவையும் எழுத்தறியா மாந்தர் நாவிலும் இங்ஙனம் வேறுபட்டு நிற்றல் வியக்கத்தக்கதாம்.

இனி, ஆம்பூர் வாணியம்பாடிப் பக்கங்களில் வண்டியுள் இருப்பான் ஒருவன், தோல் பதனிடும் சாலையைக் காணாமுன்னரே அதன் நாற்றத்தால் 'தோற்சாலை அணிமையில் உளது போலும்' என்று உணர்வதும் கருதலேயாம். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் அளவையியலில் அனுமானத்தைப் பூர்வக்காட்சியனுமானம், கருதலனுமானம், உரையனுமானம் என மூன்றாக வகுத்து, நாற்றத்தாற் பூவையறிதலை முன்னதற்கு எடுத்துக்காட்டாக வைத்தார். முன்னொருகால் பூவையும் அதன் மணத்தையும் ஒருங்கறிந்தானுக்கன்றி, மணத்தின்வழிப் பூவை அறிதல் கூடாதன்றே. பூவாயினும் தோலாயினும் அறியும் முறை ஒன்றே என்க.

'ஆம்' என்னும் சொற்குப் பொருள் பலவாகலின் ஈண்டு விழிப்பு வேண்டும். வினாவுக்கு விடையாக 'ஆம்' என்புழி அஃது உடன்பாடும் துணிவும் உணர்த்தும். செய்யுளில் ஈற்றில் நிற்கும் 'ஆம்' பெரும்பாலும் 'ஆகும்' என்பதன் விகாரமாயோ அசையாயோ நிற்கும். 'செய்யலாம்' என்புழி இசைவும் கூடுதலும் உணர்த்தும். 'வந்தானாம்' என்புழியே கேள்விப்பொருள் தரும். துணிவுக்குரிய அவ்வடிவமே துணியாமைக்கும் உரியதாய் நிற்றலின், பழஞ்செய்யுளில் 'ஆம்' என்று கண்ட இடமெல்லாம் 'ஆசிரியர் இதனைக் கேள்வியாகவே கூறினார்' என்று பொருளுரைப்பது பெரும்பிழையாய் முடியும். அங்ஙனமே கேள்விப்பொருள்பட நின்ற 'ஆம்' என்பதனை 'ஆகும்' என்று கொண்டு, ஐயத்திற்கிடமான செய்தியைத் துணிபென எழுதுவதும் பிழையேயாம்.

தொல்காப்பியனார் இடையியலில் 'கொல்' என்பதனை ஐயத்திற்கும், 'மன்ற' என்பதனைத் தேற்றத்திற்கும் உரியவாக வகுத்தார். அன்றியும், தாம் கூறும் இலக்கணங்களைப் பலவிடத்தும் புலவர் கூற்றாக வைத்து, 'என்ப', 'என்மனார்', 'மொழிப' என்னும் முடிபுகளால் உரைத்தல் அவர்க்கு வழக்கு. முன்னோர் நூல்வழி வந்ததனைத் தாமே கண்டதுபோலக் கூறாது, உரையளவையென விளங்க வைத்த நேர்மை இதனாற் புலனாம். திருவள்ளுவனாரும் பல குறள்களில் 'என்ப' என்று பிறர்மேல் வைத்துக் கூறினாராயினும், வாய்மையதிகாரத்து இறுதிக் குறளிலும் கயமையதிகாரத்து முதற் குறளிலும் தாம் கண்டதாகவே வைத்துச் சான்று பகர்கின்றார். வாய்மையைப் பற்றிய அதிகாரத்தைத் தம் காட்சியைச் சான்றாக வைத்து முடித்த நயம் ஓர்ந்துணரத்தக்கது.

பாணினியும் பதஞ்சலியும்

வடமொழியில் இப்பொருள் இன்னும் விளக்கமாக இலக்கண விதியாகவே வகுக்கப்பட்டது. பாணினி முனிவர் தம் அட்டாத்தியாயியின் மூன்றாம் அத்தியாயத்து இரண்டாம் பாதத்தில் இறந்தகாலத்தை மூவகைப்படுத்தார். இறந்தகாலம் பொதுவிற்கு 'லுங்' எனவும், அன்றன்றி முன்னாளில் நிகழ்ந்ததற்கு 'லங்' எனவும், அவ்வாறு முன்னிகழ்ந்ததாய்ச் சொல்லுவானுக்குக் கண்ணெதிர்ப்படாததற்கு 'லிட்' எனவும் குறியீடு தந்து விதித்தார். பரோக்ஷம் என்னும் அளவைநூற் சொல்லே ஈண்டு வினைமுற்றின் இலக்கணமாயிற்று.

இவ்விதிக்கு மாபாடியம் செய்த பதஞ்சலி முனிவர், 'பரோக்ஷம் என்பது யாது?' என்று வினவி, அக்காலத்து வழங்கிய கொள்கைகளைத் தொகுத்துரைத்தார். நூறாண்டு கழிந்ததே என்பார் ஒருசாரார். ஆயிரம் ஆண்டு கழிந்ததே என்பார் ஒருசாரார். சுவரானும் தட்டியானும் மறைக்கப்பட்டதே என்பார் ஒருசாரார். இரண்டு மூன்று நாள் கழிந்ததே என்பார் ஒருசாரார். இனி, தன்மையிடத்து இவ்வினை வருதல் யாங்ஙனம், தன் செயல் தனக்குப் பரோக்ஷமாதல் கூடுமோ என்று ஐயுற்று, உறக்கத்திலேனும் களிமயக்கத்திலேனும் ஒருவன் புலம்பியதனைப் பின்னர்ப் பிறர் சொல்லக் கேட்டுத் தானே கூறுங்கால் அங்ஙனம் வரும் என்று விடையிறுத்தார். உணர்வோடிருந்தும் மனம் பொருந்தாவழிக் காட்சி நிகழாது என்பதற்குச் சாகடாயனர் என்னும் இலக்கண ஆசிரியரை எடுத்துக்காட்டினார். தேர் செல்லும் வழியில் அமர்ந்திருந்த அவர், தம் முன்னே வரிசையாகச் சென்ற வண்டிகளை உணர்ந்திலர் என்ப. ஜோலார்பேட்டை மேடையில் நூலொன்றில் ஆழ்ந்திருப்பான் ஒருவன், தன்முன் வண்டி வந்து நின்று போனதனை அறியானாயின், அவனும் 'வண்டி போயிற்றாம்' என்றே சொல்லற்பாலன். பொறி திறந்திருத்தல் மாத்திரையாற் காட்சி ஆகாது. மனமும் அறிவும் உடன்பொருந்தல் வேண்டும் என்னும் அளவைநூல் முடிபு ஈண்டு இலக்கண எடுத்துக்காட்டால் விளங்கிற்று.

வரலாற்றறிஞர்க்கு மிகப் பயன்பட்டது இதனோடொட்டிய மற்றொரு விதியாகும். கண்ணெதிர்ப்படாததேனும், உலகம் நன்கறிந்ததாய், சொல்லுவான் முயன்றிருந்தாற் கண்டிருத்தல் கூடும் அளவினதாய் உள்ள நிகழ்ச்சிக்கு 'லிட்' வாராது 'லங்' வரும் என்பது காத்தியாயனர் வார்த்திகம். இதற்குப் பதஞ்சலி காட்டிய எடுத்துக்காட்டுக்கள், யவனன் சாகேதத்தை முற்றியதும், யவனன் மத்தியமிகையை முற்றியதும் ஆம். கம்சனைக் கண்ணன் கொன்றதோ நெடுந்தொலைவிற்பட்ட நிகழ்ச்சியாகலின் அதற்கு 'லிட்' வந்தது. யவனர் முற்றுகை பதஞ்சலியார் காலத்ததேயாதல் வேண்டும் என்று கோல்டுஸ்டூக்கர் 1861-இலும், இராமகிருஷ்ண கோபால பண்டார்க்கர் 1872-இலும் இதுகொண்டு வாதித்தனர். புஷியமித்திரனைப் பற்றிய நிகழ்கால எடுத்துக்காட்டையும் உடன்சேர்த்து, பதஞ்சலியார் காலம் கி. மு. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று பலரும் துணிந்தனர். எடுத்துக்காட்டு முன்னோரிடமிருந்து பெற்றதாயும் இருக்கலாம் என்னும் தடை எழுப்பினாரும் உளர். அத்தடை முற்றும் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும் ஒரு வினைவிகுதி ஓர் ஆசிரியரின் காலத்தை ஆராய்வதற்குச் சான்றாய் நின்றது என்பதில் ஐயமில்லை.

பின்வந்த இலக்கணிகளும் இவ்விடத்தில் தத்தம் காலத்து நிகழ்ச்சியையே அமைக்கும் மரபு மேற்கொண்டனர். சாந்திர வியாகரணத்து உரையில் ஊணரை வென்றமை கூறப்பட்டது; வென்றோன் பெயர்க்குப் பாடவேறுபாடு உண்டு. சைன ஆசிரியராகிய பிற்காலத்துச் சாகடாயனர், இராட்டிரகூட வேந்தன் அமோகவர்ஷன் பகைவரை எரித்தமை கூறினார், அவன் கி. பி. 9-ஆம் நூற்றாண்டினன். ஏமசந்திரர் சித்தராசன் அவந்தியை முற்றியமை கூறினார். அவர் 12-ஆம் நூற்றாண்டினர். ஒரே விதியின்கீழ் ஓராயிரம் ஆண்டுக்குமேல், நூலாசிரியர் ஒவ்வொருவரும் தாம் காணத்தக்கதாயிருந்த உலகத்தைப் பொறித்துச் சென்றனர்.

'இதிகாசம்' என்னும் சொல்லும் இதனையே காட்டும். இதி, ஹ, ஆச என்னும் மூன்று சேர்ந்து 'இங்ஙனமே இருந்தது' என்று பொருள்படும் அச்சொல்லின் இறுதியில் நிற்கும் 'ஆச' என்பது 'லிட்' வினையேயாம். பழங்கதை கூறும் நூலுக்கு இட்ட பெயரிலேயே, 'இது கண்டு கூறியதன்று' என்னும் குறிப்பு அமைந்து கிடக்கின்றது. பத்தளவையுள் ஒன்றாகிய ஐதிகமும் 'இதிஹ' என்பதனடியாகப் பிறந்ததே.

எனினும் இவ்வேறுபாடு வழக்கில் நிலைபெறவில்லை. காவியங்களிலும் புராணங்களிலும் மூவகை இறந்தகால வினைகளும் வேறுபாடின்றி மயங்கின. நூலாசிரியர் வகுத்த வரம்பு கூர்மையுடையதாயினும், வழங்குவார் அதனைப் பேணாவழி அது தேய்ந்தொழியும் என்பது இதனாற் பெறப்படும்.

பிறநாட்டு மொழிகள்

அற்றேல், இஃது இந்நாட்டிற்கே உரியதோ எனின், அன்று. கி. பி. 11-ஆம் நூற்றாண்டில் துருக்கிய மொழிக்கு அகராதி செய்த மகமூது காஷ்கரி என்பார், சொல்லுவான் முன்னிலையில் நிகழ்ந்ததற்கு ஒரு விகுதியும், அவன் இல்லாவழி நிகழ்ந்ததற்கு மற்றொரு விகுதியும் வருதலைக் குறித்துள்ளார். அவ்வேறுபாடு இற்றைத் துருக்கியிலும் உளது. தென்னமெரிக்கப் பழங்குடி மொழியாகிய கெச்சுவாவில் நேரில் அறிந்தது, கேட்டது, ஊகித்தது என மூன்றற்கும் தனித்தனி ஒட்டுக்கள் உள. அமேசான் பகுதியின் துயூக்கா மொழியில் கண்டது, காட்சியொழிந்த பிற பொறியால் உணர்ந்தது, அடையாளத்தால் அறிந்தது, கேட்டது, ஊகித்தது என வினைவிகுதி ஐவகைப்படும். அம்மொழியாளர் இவற்றுள் ஒன்றனைக் கூறாது வினைமுடித்தல் இயலாது.

ஆக்கமொழிகள்

இனி, ஒருவரோ சிலரோ கூடி வேண்டுமென்றே வகுத்த மொழிகளை ஆக்கமொழி என்பாம். வடமொழி 'நன்கு செய்யப்பட்டது' என்று பொருள்படும் பெயருடையதாயினும் ஆக்கமொழியன்று. பாணினி முனிவர் முன்னரே வழங்கிய மொழியை வரம்புபடுத்தினாரன்றிப் புதிதாகப் படைத்திலர். 1668-இல் ஆங்கிலநாட்டு ஜான் வில்கின்ஸ், உலகப்பொருள்களை வகைப்படுத்தி அவ்வகைக்கேற்பச் சொற்களமைத்த மெய்ந்நூன்மொழி ஒன்றை வெளியிட்டார். 1887-இல் சாமன்ஹாப் என்பார் வெளியிட்ட எஸ்பெராந்தோ மொழி மிகப் பரவிற்று. ஆயின் அறிந்த வாயிலை உணர்த்தும் விகுதி அதன்கண் இல்லை. வேண்டுமிடத்துத் தனிச்சொல்லாற் கூறிக்கொள்ளுவர்.

இக்குறையை நிரப்பியவர் அமெரிக்கநாட்டு மொழிநூலாரும் கதையாசிரியருமாகிய சூசெட் ஹேடன் எல்ஜின் அம்மையார். பெண்டிர் தம் உணர்வைச் செவ்விதின் உணர்த்தற்கேற்ற மொழி வேண்டுமெனக் கருதி 1982-இல் அவர் வகுக்கத் தொடங்கிய மொழிக்கு லாதன் என்பது பெயர். அதன்கண் ஒவ்வொரு வாக்கியமும் கூற்றின் வகையை உணர்த்தும் சொல்லொடு தொடங்கி, அறிந்த வாயிலை உணர்த்தும் சொல்லொடு முடிதல் வேண்டும். புறத்தேனும் அகத்தேனும் தானே உணர்ந்தது, தானே தெளிந்து விளங்குவது, கனவிற் கண்டது, நம்பத்தக்கார் சொல்லக் கேட்டது, நம்பத்தகாதார் சொல்லக் கேட்டது, கற்பனையாற் புனைந்தது, மெய்யோ பொய்யோ என்று தான் யாதும் அறியாதது என அவ்வீற்றுச் சொற்கள் எழுவகைப்படும். நம்பத்தகுதலும் தகாமையும் ஒரே சொல்லின் ஒலியெடுப்பு வேறுபாட்டால் உணர்த்தப்படும்.

இதன்பின் 1987-இல் தோன்றிய லோஜ்பன் என்னும் தருக்கமொழியோ இவ்வகையை இன்னும் விரித்தது. ஜேம்ஸ் குக் பிரௌன் என்பார் 1955-இல் தொடங்கிய லோக்லான் மொழியினின்று கிளைத்தது அது. கண்டேன், கேள்வியுற்றேன், ஏதுவால் முடித்தேன், பலவற்றினின்றும் பொதுமை கொண்டேன், என் மக்கள் மரபால் அறிவேன், அகத்தே உணர்ந்தேன், கருதுகின்றேன், கோளாகக் கொண்டேன் என்று பொருள்படும் சிறு சொற்கள் அதன்கண் உள. ஆயின் லாதனிற்போல அவை கட்டாயமல்ல. சொல்லுவான் விரும்பின் இடுவன், விரும்பாவிடின் விடுவன்.

சித்தியார் அளவையோடு ஒப்புநோக்கல்

அளவையை இங்ஙனம் விரித்தெண்ணுதல் நமக்குப் புதிதன்று. மணிமேகலையில் அளவைவாதி கூற்றாக, வேதவியாதர் பத்தும், கிருதகோடி எட்டும், சைமினி ஆறும் கொண்டமை கூறப்பட்டது. அக்காப்பியத்தே அறவணவடிகளோ காட்சி, கருத்து என்னும் இரண்டினுள் ஏனைய அடங்கும் என்பர். சிவஞானசித்தியார் காண்டல், கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு என ஆறும், ஒழிபு, உண்மை, ஐதிகம், இயல்பு என நான்கும் எடுத்தோதி, அவையெல்லாம் முதன் மூன்றனுள் அடங்கும் என்று முடிக்கும். விரித்தல் எளிது; எது எதனுள் அடங்கும் என்று காரணங்காட்டி ஒடுக்குதலே அரிது.

இவ்வுரைகல்லிற் பார்க்குங்கால் ஆக்கமொழிகளின் நலமும் குறையும் புலனாம். அம்மையார் வகுத்த எழுவகையுள், அகத்துணர்வையும் புறத்துணர்வையும் ஒன்றாக வைத்தது ஒருவாற்றாற் பொருந்தும். சித்தியாரும் வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என்னும் நான்கனையும் காட்சி என்னும் ஒன்றனுள் வைத்தார். ஆயின் அவ்வேழனுள் கருதலளவைக்குத் தனிச்சொல் இல்லாமை பெருங்குறையாம். புகைகண்டு நெருப்புணர்ந்தான் அதனை எவ்வீறு கொடுத்துச் சொல்லுவான்? லோஜ்பன் இக்குறை தீர்த்தது. ஆயின், கருதுகின்றேன், கோளாகக் கொண்டேன் என்பன போன்ற மனநிலைகளையும் அறிவுவாயில்களோடு விரவ வைத்தது. அவை சொல்லுவானது துணிவின் அளவை உணர்த்துவனவன்றிப் பொருளறிவிக்கும் அளவைகள் ஆகா.

அற்றேல், லாதனிற்போல மொழியே கட்டாயப்படுத்துமாயின் மக்கள் பொய்கூறாதொழிவர்கொல் எனின், அஃது அங்ஙனமாகாது. காணாதான் 'கண்டேன்' என்று ஈறு கொடுத்தலைத் தடுப்பார் யாருமில்லை. அதுவேயுமன்றி, மெய்யே கண்டானது சொல்லும் மெய்யாதல் ஒருதலையன்று. கயிற்றைப் பாம்பென்று கண்டவன், 'கண்டேன்' என்று கூறுவதிற் பிழையாதுமில்லை. அவன் கண்டதிலேயே பிழை உளது. இதுபற்றியே சித்தியார் காட்சி என்றமையாது, ஐயமும் திரிபும் நீங்கிய அறிவே காட்சியளவை என்று வரையறுத்தது. விகுதி வாயிலைக் காட்டும். வாயிலின் தூய்மையைக் காட்டாது. முன்னது இலக்கணத்தின் எல்லை, பின்னது அளவைநூலின் எல்லை.

உரையளவையில் இவ்வேறுபாடு இன்னும் ஆழ்ந்ததாம். லாதன் 'நான் நம்புவார் சொல்லியது' என்றும் 'நம்பாதார் சொல்லியது' என்றும் கேட்டானது நம்பிக்கையை அடிப்படையாக்கியது. சித்தாந்தமோ சொல்லியவனது குற்றமின்மையை அடிப்படையாக்குகின்றது. அநாதியே மலமற்றவன் மொழியாகலின் ஆகமம் அளவையாயிற்றன்றி, கேட்பார் நம்புதலான் அன்று. தமிழ் வழக்கும் இவ்வேறுபாட்டைப் போற்றுதல் காண்க. 'இம்மரத்தில் தெய்வம் உண்டாம்' என்று ஐதிகத்திற்கு 'ஆம்' கொடுப்பர். அதுவே 'இறைவன் கல்லாலின்கீழ் நால்வர்க்கு அறமுரைத்தான்' என்புழி, அன்பர் எவரும் 'உரைத்தானாம்' என்று முடிப்பதிலர். இரண்டும் கேட்டறிந்தனவே. ஆயின் ஒன்று கூறினார் இன்னாரென்று அறியப்படாத உலகுரை. மற்றையது கூறினார் தகுதி தெளியப்பட்ட மெய்யுரை. 'ஆம்' என்னும் ஈறு கேள்வி அனைத்திற்கும் உரியதன்று, சொல்லுவான் தான் பொறுப்பேலாத கேள்விக்கே உரியது என்னும் நுண்மை இதனாற் பெறப்படும்.

வரலாற்றார்க்கு ஒரு முடிபு

இனி இவ்வாராய்ச்சியாற் போந்த பயன் கூறுதும். ஒரு திருக்கோயிலைப் பற்றி ஊரார், 'இன்ன மன்னன் கட்டினானாம்' என்பர். அதனைக் கேட்டு எழுதுவான் ஒருவன், 'இன்ன மன்னன் கட்டினான் என்பர்' என்று வரைவன். அதனைப் பார்த்து எழுதுவான் மற்றொருவன், 'இன்ன மன்னன் கட்டினான்' என்று முடிப்பன். மூவருள் எவனும் பொய்யுரைக்கக் கருதினானல்லன். ஆயினும் முதலில் ஓரெழுத்தளவு மாறியும், பின்னர் ஒரு சொல் வீழ்ந்தும், ஐதிகம் காட்சியாய் உருமாறிற்று. நான்காமவன் அந்நூலை மேற்கோளாகக் காட்டிக் காலவாராய்ச்சி நிகழ்த்துவன். நம் புலவர் வரலாறுகளிலும் தலவரலாறுகளிலும் நேர்ந்த மயக்கங்களுட் பல இவ்வழியானே புகுந்தன. ஐதிகம் இகழத்தக்கதன்று, ஐதிகம் என்னும் முத்திரையோடு நிற்குங்கால் அஃது உலகத்தார் உள்ளக்கிடையைக் காட்டும் நல்ல சான்றேயாம். முத்திரை வீழ்ந்தவழியே அது கேடு செய்யும்.

இதற்கு மாறாக, ஆம்பூரிற் கிடைத்த நடுகற்களை நோக்குக. பல்லவன் நிருபதுங்கவர்மனது 26-ஆம் ஆட்சியாண்டில், ஆநிரை பற்றிய போரிற் பட்ட வீரர்க்கு எடுக்கப்பெற்ற கற்கள் அவை. இன்ன ஆண்டில், இன்னார் படை வந்த ஞான்று, இன்னான் பட்டான் என்று கூறுதலே நடுகல்லெழுத்தின் மரபு. அங்ஙனம் வினை முடிபவர் அவ்வீரனை அறிந்த அக்காலத்தவரே. 'பட்டானாம்' என்று பொறிப்பதற்கு அவர்க்கு யாதொரு காரணமும் இல்லை. வடக்கே சாகடாயனர் தம் நூலுள் அமோகவர்ஷனைப் பற்றி அமைத்த 'லங்' வினையும், இவ்வூர்க் கல்லில் நிற்கும் இயல்பான வினைமுற்றும் ஒரே நூற்றாண்டின. சொல்லுவான் நிகழ்ச்சிக்கு அணியன் என்பதனை இரண்டும் ஒருபடித்தாகவே காட்டுவன.

ஆகலின் புதுமொழி படைத்துக்கொள்ளுதல் நமக்கு வேண்டாவாம். தமிழில் 'போலும்', 'என்ப', 'ஆம்' என்னும் சொற்கள் முன்னரே உள. அவற்றை இட வேண்டுமிடத்து இட்டும், முன்னோர் இட்டவிடத்து எடாதும் எழுதுதலே வேண்டுவது. தொல்காப்பியனார் 'என்மனார்' என்று வைத்த இடத்தில், அவர் வழிவந்தார் 'கண்டாம்' என்று எழுதாதிருப்பாராக.